படகில்லாமல் தூக்கிய பாலம்

பாலத்தக்கா என்றால் அந்தத் துறைமுகத்தில் தெரியாதவர் கிடையாது. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. ஊரையும் எதிரே கிடக்கும் தீவையும் இணைக்கிற பாலத்தின் நடுவில் ஒரு துண்டு மட்டும் மேலே எழும்பும். படகு வந்தால் அதைத் தூக்குவதும், படகு போனதும் இறக்குவதும் அவள் வேலை. இந்த வேலைக்குக் கூர்மையான கண் வேண்டும், நிறையப் பொறுமை வேண்டும். அவளுக்குக் கண் இருந்தது.

கேபின் ஒரு இரும்புத் தூணோடு ஒட்டிக்கொண்டு, சாலைக்கு மேலே ஒரு மாடி உயரத்தில் நின்றது. உள்ளே ஒரு மேசை, பொத்தான் பலகை, வாக்கி டாக்கி, கயிற்றில் தொங்கும் பைனாகுலர், கால் ஆடும் ஒரு நாற்காலி. முதலில் சைரனை ஊத வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் கேட் இறங்கும். தூக்குகிற துண்டின் மேல் ஒரு பூனைகூட இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே பச்சைப் பொத்தானை அழுத்தலாம். எந்தப் படகை எப்போது விடுவது, எத்தனை படகைச் சேர்த்து விடுவது என்பதெல்லாம் கேபினில் இருப்பவர் இஷ்டம். ஒவ்வொரு படகுக்கும் தூக்கினால் பஸ்காரர் சண்டைக்கு வருவார். சேர்த்து வைத்தால் படகுக்காரர் திட்டுவார். இரண்டு பேர் திட்டையும் சமமாக வாங்குகிறவர்தான் நல்ல கேபின்காரர். பாலத்தக்கா பல காலம் சமமாகத்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கெடுத்தது ஒரு தங்கை.

கெடுத்தது என்பது அவள் கட்சி. உண்மையில் அந்தத் தங்கை யாரையும் கெடுக்கிற ஆள் இல்லை. அவளுக்கு அதற்கு நேரமும் இல்லை. அவளும் அவள் கணவனும் தீவில் படகு பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார்கள். என்ஜின் அவன் பொறுப்பு, படகின் உடம்பு அவள் பொறுப்பு. பாறையில் மோதி ஓட்டை விழுந்த ஃபைபர் படகைக் கவிழ்த்துப் போட்டு, உடைந்த விளிம்பைத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியை அடுக்கு அடுக்காக விரித்து, மேலே ரெசின் பூசி ஒட்டுவாள். அவள் ஒட்டிய இடத்தில் மறுபடி உடையாது என்று படகுக்காரர்களுக்கு நம்பிக்கை. அவர்கள் அவளைப் படகு டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

“பெரிய டாக்டர். பத்தாவதைத் தாண்டாத டாக்டர்” என்பாள் பாலத்தக்கா. தான் பன்னிரண்டாவது வரை படித்தும் ஊருக்கு வெறும் அக்காவாக இருப்பது அவளுக்கு உறுத்தியது.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். தங்கைக்கு எதுவும் கேட்காமலே கிடைத்தது. அக்காவுக்கு வாங்கிய குடையை எடுத்துக்கொண்டு போவாள். அது கம்பி முறிந்து திரும்பி வரும். ஜன்னலோரப் படுக்கை, முதல் தோசை என்று எழுதினால் சமையற்கட்டுச் சண்டையாகிவிடும். சுருக்கமாக, வீட்டில் எது நன்றாக இருந்ததோ அது சின்னவளிடம் போய்ச் சேர்ந்தது. “சின்னவதானே, விட்டுக்கொடேன்” என்று பெற்றவர்கள் சொல்வார்கள். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே பெரியவளுக்கு முகத்தில் ஒரு கடுகடுப்பு வந்து தங்கிவிட்டது. சின்னவளோ எதையும் பறித்ததாகவே நினைக்காமல் கலகலவென்று வளர்ந்தாள். அந்தக் கலகலப்புதான் அக்காவுக்கு வயிற்றெரிச்சல்.

கல்யாணமாகித் தங்கை தீவுக்குப் போனதும் பெரியவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது பாலம் கிடையாது. காலையும் மாலையும் ஒரு ஃபெர்ரி ஓடும். காற்று அடித்தால் அதுவும் ஓடாது. பாலத்தக்கா அந்த ஃபெர்ரித் துறையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவ்வளவு தண்ணீர் இருந்ததால் தங்கை மேல் பாசம்கூட வந்தது. எப்போதாவது பார்க்கிறவர்கள் மேல் பாசம் வைப்பது சுலபம்.

பாலம் வேண்டும் என்று கையெழுத்து வேட்டை நடந்தபோது அவளும் கையெழுத்துப் போட்டாள். பாலம் வந்தது, ஃபெர்ரி நின்றது. டிக்கெட் கொடுத்தவளுக்குப் பயிற்சி தந்து கேபினில் உட்கார வைத்தார்கள். மதியத்திலிருந்து இருட்டும் வரை அவள் ஷிஃப்ட். கணவன் மீன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் ஏதாவது நெடுஞ்சாலையில் இருப்பான். பள்ளி விட்டு வரும் மகள் பூட்டிய வீட்டில் தனியாக இருக்க வேண்டும். அது பாலத்தக்காவுக்குப் பொறுக்கவில்லை. அவளே ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். “ஸ்கூல் விட்டதும் நேரா சித்தி வீட்டுக்குப் போ. நான் வேலை முடிச்சதும் வா, சேர்ந்து வீட்டுக்குப் போயிடலாம்” என்று அவளே சொன்னாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஆரம்பத்தில் மகள் சித்தி வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். பிறகு பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கையுறை போட்டுக்கொண்டாள். அதன் பிறகு வீட்டுப்பாடம் எப்போது எழுதினாள் என்பது யாருக்கும் தெரியாது.

இரவு கேபின் படிக்கட்டின் கீழே அம்மாவுக்காகக் காத்திருப்பாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் பாலத்தில் நடப்பார்கள். நாள் முழுக்க பாலத்தக்கா எதிர்பார்த்திருப்பது இந்த நடையைத்தான். பெண் வாயைத் திறந்தால் சித்தி புராணம்.

“அம்மா, ரெசின்ல அந்த கெட்டியாக்கற மருந்த கொஞ்சம் கூட ஊத்திட்டா டப்பாவே கொதிக்கும். புகையே வரும், தெரியுமா? சித்தி காட்டினாங்க.”

“எனக்குக்கூடத்தான் வருது” என்றாள் அம்மா.

“என்னது?”

“ஒண்ணுமில்ல. பள்ளத்தைப் பாத்து நட.”

மகளின் தலைமுடியில் ரெசின் வாடை ஏறியிருந்தது. தலையணையில், துண்டில், சீப்பில் அந்த வாடை. பாலத்தக்கா சோப்பை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள். வாடை போகவில்லை. கையில் கண்ணாடி இழை குத்தி அரிப்பதாக மகள் சொன்னால், வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக் கழுவி விடுவாள். அப்போதும் அந்தப் பெண், “பச்சைத் தண்ணிலதான் முதல்ல கழுவணுமாம்மா, சித்தி சொன்னாங்க” என்றாள். பெற்றவள் கையில் இருந்த சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பாலத்தை முதல் தடவை மகள் முன்னால் தூக்கியது தற்செயல்தான். இதை அடித்துச் சொல்லலாம். சாயங்காலம் நான்கைந்து படகுகள் ஒன்றாக வந்து நின்றன. கேட் இறங்கவும் மகளின் சைக்கிள் வந்து சேரவும் சரியாக இருந்தது. சும்மா நிற்பானேன் என்று மகள் கேபினுக்குள் ஏறி வந்தாள். அம்மாவின் ஃப்ளாஸ்க்கிலிருந்து தேநீர் குடித்தாள். பிஸ்கட் தின்றாள். ஒவ்வொரு பொத்தானும் எதற்கு என்று கேட்டாள். பைனாகுலரில் படகுகளைப் பார்த்து, “அதோ அந்த நீலப் படகு மூக்கு சித்தி ஒட்டினது” என்றாள். அது ஒன்றைத் தவிர அந்த நேரம் முழுவதும் பாலத்தக்காவுக்கு இனிப்பாக இருந்தது. நாள் வெளிச்சத்தில் மகளோடு நிதானமாக உட்கார்ந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

மறுநாள் அதே நேரத்துக்கு முன்பே இரண்டு படகுகள் வந்து ஹாரன் அடித்தன. விடலாம்தான். அவள் விடவில்லை.

“கொஞ்சம் நில்லுங்க. இன்னும் ரெண்டு படகு வரட்டும், சேர்த்து விடறேன்” என்று வாக்கி டாக்கியில் சொன்னாள். படகுகள் வந்தனவோ இல்லையோ, சைக்கிள் வந்தது. சைரன் ஊதியது.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. வேலியே பயிரை மேய்ந்தால் யார் கேட்பது? மதியம் வந்த படகும் பள்ளிக்கூட மணிக்காகக் காத்துக் கிடந்தது. “ஐஸ் கரையுதுக்கா” என்று படகுக்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். கடைசியில், பாலம் சாயங்காலம்தான் தூக்கும் என்று அவர்களே முடிவு கட்டி அந்த நேரத்துக்கே வர ஆரம்பித்தார்கள். வரிசை நீண்டது. வரிசை நீண்டதால் பாலம் இன்னும் அதிக நேரம் தூக்கியே நின்றது. பாலத்தக்காவுக்கு அதுவும் வசதியாகப் போயிற்று.

ஆனால் மகள் மாடி ஏறி வருவது குறைந்தது. பொத்தான்கள் எல்லாம் தெரிந்துவிட்டன. பிஸ்கட்டும் அதே பிஸ்கட். கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போனில் பேசிக்கொண்டிருப்பாள். யாரோடு என்று பைனாகுலரில் பார்க்க வேண்டியதில்லை. பார்த்தாள். எதிர்ப்பக்க கேட்டில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதன் மேல் அவளை எதிர்கொள்ள வந்த தங்கை, காதில் போன். நடுவில் பாலத்தின் துண்டு வானத்தைப் பார்த்து நிற்க, அந்தப் பக்கம் ஒருத்தியும் இந்தப் பக்கம் ஒருத்தியும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன சிரிப்பு என்று தெரிந்திருந்தால்கூட ஆறியிருக்கும். தெரியாததால் தன்னைப் பற்றித்தான் என்று வைத்துக்கொண்டாள். பொறாமைக்குக் காது கேட்காது, ஆனால் எல்லாம் கேட்டதாகச் சொல்லும்.

அன்றிரவு வீட்டுக்குப் போகும் வழியில், “என் பொண்ணா, அவ பொண்ணா நீ?” என்று கேட்டே விட்டாள்.

“என்னம்மா கேள்வி இது” என்று மகள் சிரித்தாள். பாலத்தக்காவுக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது.

அதற்கு அடுத்த வாரம் மகள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். பட்டறையில் ரெசினில் பின்னல் மாட்டிக் கெட்டியாகிவிட்டதாம். சித்தியே கத்தரித்துவிட்டாளாம். சித்தியின் முடியும் கழுத்தளவுதான். பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்க மாட்டாமல், “அச்சு அசல் சித்தி மாதிரியே இருக்கியே” என்றாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே பக்கத்து வீடுகளைக் கட்டுகிறார்கள் போலிருக்கிறது. குழந்தையிலிருந்து தான் வாரி வளர்த்த முடி. கேட்காமல் வெட்டியிருக்கிறாள். குடை, படுக்கை எல்லாம் போகட்டும். இது பெற்ற பிள்ளை. பாலத்தக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் காலை மகள் அவசரமாகச் சாப்பிட்டாள். “இன்னிக்கு ஒரு ஓட்டைய நானே தனியா ஒட்டப் போறேன்மா. வெளிச்சம் போறதுக்குள்ள முடிக்கணும். சீக்கிரம் போகணும்.”

“ம்” என்றாள் அம்மா.

அன்று மாலை கடல் வெறுமையாக இருந்தது. காற்று அதிகம் என்று யாரும் கடலுக்குப் போகவில்லை. கண்ணுக்கு எட்டியவரை ஒரு கட்டுமரம்கூட இல்லை. ஊர்ப்பக்கமிருந்து மகளின் சைக்கிள் வந்தது. குனிந்து மிதித்துக்கொண்டு, கேபினை அண்ணாந்துகூடப் பார்க்காமல் வந்தாள். வெட்டிய முடி காற்றில் பறந்தது. எதிர்ப்பக்கம் ஸ்கூட்டர் தயாராக நின்றது.

பாலத்தக்கா சைரனை ஊதினாள். கேட் இறங்கியது. பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

படகு வந்தால் பாலம் தூக்க வேண்டும். படகே இல்லாமல் தூக்கினால் அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டுமே, இல்லை. பாலத்தின் துண்டு மெதுவாக எழுந்து நின்றது. கீழே தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடியது. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

“எங்கப்பா படகு?”

“ஒண்ணையும் காணோமே.”

“நீர்மூழ்கிக் கப்பலா இருக்கும்” என்றார் பஸ் ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள்.

பாலத்துச் சக்கரங்களுக்கு மசகு போடுகிற கிரீஸ் அண்ணன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். “என்னம்மா, எதுக்குத் தூக்கினே?”

“சோதனை.”

“இன்னிக்கா?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கீழே கேட்டில் நிற்கும் சைக்கிளைப் பார்த்தார். நல்ல மனிதர். இறங்கிப் போய், “மோட்டார் சோதனைங்க, அப்பப்ப சும்மா தூக்கிப் பாக்கணும். இல்லேன்னா சிக்கிக்கும்” என்று ஊருக்குச் சமாதானம் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. பஸ்காரர் நம்பினார், பயணிகள் நம்பினார்கள்.

மகள் மட்டும் முதலில் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிக் கேபினைப் பார்த்தாள். கை அசைக்கவில்லை. பாலம் இறங்கும் வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தக்கா பைனாகுலரை எடுத்துக் கடலைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் கணவன் வீட்டில் இருந்தான். துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மூவரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் தன் துணிகளை மட்டும் தனியாக ஒரு பையில் அடுக்குவதைப் பாலத்தக்கா கவனித்தாள்.

“எதுக்கு அது?”

“இனிமே ஸ்கூல் நாள்ல சித்தி வீட்டுலயே இருந்துக்கறேன்மா. காலைல ஸ்கூல் பஸ் தீவுக்கே வருது. சனி, ஞாயிறு இங்க வந்துடறேன்.”

“அவ சொன்னாளா?”

“இல்ல. நான்தான் கேட்டேன்.”

“ஏன், இந்த வீட்டுல என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்ல. தினமும் பாலத்துல நிக்க முடியல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள வெளிச்சமே போயிடுது. அங்கேயே இருந்தா காலைல ஸ்கூலுக்கு முன்னாடி பட்டறை வேலையப் பாத்துக்கலாம்.”

“படகு வந்தா தூக்கித்தானே ஆகணும்?”

“அன்னிக்குப் படகு வரலையே” என்றாள் மகள், ஒரு பாவாடையின் மடிப்பை நீவியபடி.

“அன்னிக்கு சோதனைக்குத் தூக்கினது. கிரீஸ் அண்ணன்கூட சொன்னாரே.”

“சோதனை ஞாயித்துக்கிழமை காலைலதானே செய்வீங்க? நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த.”

கேபினில் பிஸ்கட் தின்றபடி அவள் கேட்டதும், தான் பெருமையாகச் சொன்னதும் பாலத்தக்காவுக்கு நினைவு வந்தது. நடந்தது எதுவும் தெரியாத கணவன், “சித்தி வீடுதானே, வேத்து வீடா? போயிட்டு வரட்டும். உனக்கும் வேலை குறையும்” என்றான். லாரிக்காரனுக்கு எல்லா ஊரும் ஒரே தூரம்.

போகாதே, நீ இல்லாவிட்டால் இந்த வீட்டுக்கு நான் எதற்காக வர வேண்டும் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் பையை இறக்கி வைத்திருப்பாள். அப்படிப்பட்ட பெண்தான் அவள். பாலத்தக்காவுக்கு வாய் வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

“போ. யாரு வேண்டாம்னா? அங்கேயே இரு, இனி சனி ஞாயிறு மட்டும் எதுக்கு?”

மகள் பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. பாலத்தக்கா அதை வாங்கிச் சரி செய்து மூடிக் கொடுத்தாள்.

ஞாயிறு மாலை தங்கை ஸ்கூட்டரில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. பாலத்தக்கா வீட்டில் இருக்க விரும்பவில்லை. விடுமுறை எடுக்க வேண்டிய நாளில் வேறு ஒருவருடைய ஷிஃப்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கேபினில் போய் உட்கார்ந்தாள். தங்கை வாசலில் வந்து நின்று கலகலவென்று சிரிப்பதையும், மகள் பின்னால் ஏறி அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்வதையும் பக்கத்தில் நின்று பார்க்க அவளால் முடியாது.

அன்று கடலில் காற்று அடங்கியிருந்தது. இரண்டு நாளாகக் கரையில் கிடந்த படகுகள் எல்லாம் விடியற்காலையே போய்விட்டு, மாலையில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. பாலத்துக்குக் கீழே கூட்டமாக நின்று ஹாரன் அடித்தன. இத்தனை படகுகளுக்குப் பாலத்தைத் தூக்காவிட்டால்தான் தப்பு. சைரன் பொத்தான் மேல் விரலை வைத்தாள்.

அப்போது ஊர்ப்பக்கம் ஸ்கூட்டர் தெரிந்தது. முன்னால் தங்கை. பின்னால் மகள், மடியில் அந்தப் பை.

பாலத்தக்கா விரலை எடுத்துவிட்டாள்.

“பாலத்தக்கா, தூக்குங்க” என்றது வாக்கி டாக்கி. “தண்ணி இறங்குது, அப்புறம் தரை தட்டும்.”

“ஒரு வண்டி போகட்டும்.”

“யார் வண்டிக்கா? மந்திரி வண்டியா?”

“ஒரு வண்டின்னு சொல்றேன்ல. போகட்டும், தூக்கறேன்.”

இத்தனை மாதத்தில் மகளுக்காக அவள் படகுகளை நிறுத்தி வைத்தது எத்தனையோ தடவை. மகள் போவதற்காக நிறுத்தியது இதுதான் முதல் தடவை. இதையாவது அவள் பார்ப்பாள் என்று நினைத்தாள். கீழே இத்தனை படகுகள் நிற்க, பாலம் தனக்காக இறங்கியே கிடப்பதை அண்ணாந்து பார்த்து ஒரு கை அசைப்பாள் என்று நினைத்தாள். கேபினின் கதவைத் திறந்து வெளியே கம்பியருகே வந்து நின்றாள். கையைத் தூக்குவதற்குத் தயாராகவும் வைத்துக்கொண்டாள்.

கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டர் வழக்கம்போல் வேகத்தைக் குறைத்தது. மகள் படகுகளின் ஹாரனைக் கேட்டுத் தண்ணீர்ப் பக்கம் பார்த்தாள். உடனே கேட்டின் மேல் இன்னும் எரியாத சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் வந்தது. சித்தியின் தோளில் படபடவென்று தட்டி என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பதற்குப் பைனாகுலர் வேண்டியிருக்கவில்லை. ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. தூக்குகிற துண்டின் மேல் தடதடவென்று ஓடி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே போன பிறகுதான் மகள் திரும்பிப் பார்த்தாள். கேபினைப் பார்க்கவில்லை. பாலம் எழுகிறதா என்று பார்த்தாள். தப்பித்த சந்தோஷத்தில் சித்தியும் அவளும் சிரித்துக்கொண்டே தீவுச் சாலையில் மறைந்தார்கள்.

பாலத்தக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். நாற்காலி ஆடியது.

“அக்கா, அந்த வண்டி போயிடுச்சா?” என்று கேட்டான் படகுக்காரன்.

“போயிடுச்சு” என்று சொல்லிவிட்டு அவள் சைரனை ஊதினாள்.